அக்கா கோபமாகவா பேசினாள்? மனச்சோர்வும் குரலின் தொனியும்

மதுரையில் இருக்கும் அக்கா, சென்னையில் வேலை பார்க்கும் தம்பிக்கு இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்கிறாள்.

"டேய், சாப்பிட்டியா?"

"ம்... சாப்பிட்டேன்க்கா."

"சரி, படு. காலையில பேசுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அடுப்பில் பால். போனை வைத்துவிட்டு ஓடுகிறாள். இங்கே தம்பி அரை மணி நேரமாக அந்தச் "சரி"யைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏன் அப்படிச் சொன்னாள்? போன வாரம் ஊருக்கு வராத கோபமா? நம்மிடம் பேசுவதே இப்போது அவளுக்குப் பாரமாகிவிட்டதா?

இந்த அக்காவும் தம்பியும் என் கற்பனை. அந்த அரை மணி நேரம் கற்பனை இல்லை. நானும் அப்படிக் கழித்திருக்கிறேன், நீங்களும் கழித்திருக்கலாம். மனம் நன்றாக இருக்கும் நாளில் காதைத் தொட்டுவிட்டுப் போய்விடும் ஒரு சொல், சோர்ந்திருக்கும் நாளில் முள்ளாகத் தைத்துக்கொள்கிறது. இது நம் நினைப்பு மட்டும்தானா? இல்லை, மனச்சோர்வு வந்தால் அடுத்தவர் குரலைக் கேட்கும் விதமே மாறிவிடுகிறதா? ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் ஒரு சொல் விவகாரம். தமிழில் "மன அழுத்தம்" என்று அச்சில் பார்த்தால் எதைச் சொல்கிறார்கள் என்று பல நேரம் பிடிபடாது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியும் மன அழுத்தம், மருத்துவர் டிப்ரஷன் என்று எழுதித் தரும் நோயும் மன அழுத்தம். நான் இங்கே மனச்சோர்வு என்பது இரண்டாவதை மட்டும். குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி மனம் கவிழ்ந்தே கிடக்கும், அல்லது பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் விட்டுப்போகும். கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் குலையும். தன்மேல் தனக்கே வெறுப்பு வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சுமார் 20 பெரியவர்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்திருக்கிறது. ஆக, நம் தெருவிலும் இருக்கிறது. மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிப் பட்டியலில் "அடுத்தவர் குரல் வேறு மாதிரி கேட்கிறது" என்று ஒரு வரி கிடையாது. அதனால்தான் வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

ஒரே "வாங்க", இரண்டு குரல்

ரொம்ப நாள் கழித்து வந்த அத்தையை வாசலில் பார்த்ததும் சொல்லும் "வாங்க" ஒன்று. கடன் கேட்க வந்திருப்பாரோ என்று நாம் சந்தேகிக்கும் ஒருவரிடம் சொல்லும் "வாங்க" இன்னொன்று. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வந்தவருக்குக் காபி வருவதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அந்த வித்தியாசத்தைச் சுமந்து வருவதுதான் தொனி. மொழியியலார் புரோசடி என்பார்கள். சில ஒலிப் பண்புகள் சேர்ந்ததுதான் அது. தொண்டையில் உள்ள குரல் நாண்கள் எத்தனை வேகமாக அதிர்கின்றனவோ அது சுருதி. ஆண்களுக்குச் சாதாரணமாக நொடிக்கு 100 முதல் 120 முறை, பெண்களுக்கு 200ஐ ஒட்டி. அதோடு சத்தம், பேசும் வேகம், இடையில் விடும் மௌனம், அப்புறம் குரலின் தன்மை. இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் நம்மிடம் எத்தனை சொற்கள் பாருங்கள்: கரகரப்பு, கம்மல், தழுதழுப்பு, குழைவு, நடுக்கம், கடுகடுப்பு. ஒருவர் உற்சாகமில்லாமல் பேசினால் "என்னப்பா, சுருதி இறங்கியிருக்கு?" என்று கேட்கிறோம். கருவியால் அளந்து பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சோகத்தில் சுருதி இறங்குகிறது, ஏற்ற இறக்கம் சுருங்குகிறது, வேகம் குறைகிறது. சிரிப்புகூடக் காதில் விழும். சிரிக்கும்போது உதடுகள் பின்னால் இழுபடுவதால் வாய்க்குழல் சற்றுக் குட்டையாகிறது, அதில் எழும் ஒலி கொஞ்சம் மேலே போகிறது. முகத்தைப் பார்க்காமலே கேட்பவர்கள் புன்னகையோடு பேசிய பேச்சை இனம் காண்கிறார்கள் என்று விவியன் டார்ட்டர் 1980இல் காட்டினார். போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே பேசச் சொல்லி கால் சென்டரில் பழக்குவது வீண் வேலை இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கோபத்திலும் சுருதி ஏறும், சத்தம் கூடும். கொண்டாட்டத்திலும் ஏறும், கூடும். பக்கத்து வீட்டில் கத்துகிறார்கள். சண்டையா, தோனி சிக்ஸர் அடித்தாரா? சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சட்டென்று சொல்ல முடியாது. பயமும் வியப்பும் அதே மாதிரி ஒன்றையொன்று ஒட்டி வரும்.

கிளாவ்ஸ் ஷெரர் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஜெர்மன் நடிகர்கள் பொருளற்ற வாக்கியங்களைக் கோபமாக, சோகமாக, பயமாக, மகிழ்ச்சியாக, பிறகு எந்த உணர்ச்சியும் இல்லாமல் பேசினார்கள். ஒன்பது நாடுகளில் அதைப் போட்டுக் காட்டி எந்த உணர்ச்சி என்று கேட்டார்கள். மொத்தத்தில் 66 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 20 சதவீதம் சரியாக வரும் என்பதை வைத்துப் பார்த்தால் இது நல்ல மதிப்பெண். ஜெர்மனியில் 74, இந்தோனேசியாவில் 52. தொனியில் உலகப் பொதுவானது ஏதோ இருக்கிறது, கூடவே ஊர்ப் பழக்கமும் இருக்கிறது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த மிச்ச 34 சதவீதம். மனநோய் எதுவும் இல்லாதவர்கள், நடிகர்கள் எடுப்பாகவே நடித்துக் காட்டியும், மூன்றில் ஒரு முறை தவறாகச் சொல்கிறார்கள். வீட்டில் யாரும் நடிகரைப் போல எடுத்துக் காட்டிப் பேசுவதில்லை. அரைத் தூக்கத்தில், அடுப்படியில், பஸ் இரைச்சலில் பேசுகிறோம். குரல் நமக்குப் பாதிப் படத்தைத்தான் தருகிறது. மீதியை நாமே வரைந்துகொள்கிறோம். எதை வைத்து? அந்த நேரத்து மனதை வைத்து. மனச்சோர்வு உள்ளே நுழையும் இடம் இதுதான்.

(இந்த இடத்தில் ஒரு பழைய புரளியையும் கழித்துக்கட்டிவிடலாம். "பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கு 55" என்று ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் ஒற்றைச் சொற்களை வைத்து, ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்று கணிக்கச் சொன்ன சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். பயிற்சி வகுப்புகளுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.)

காது கேட்கிறது, கணக்கு மாறுகிறது

தொனியே பிடிபடாமல் போகும் நிலை ஒன்று உண்டு. அதை முதலில் பார்த்தால் மனச்சோர்வு எப்படி வேறுபடுகிறது என்று புரியும். 1979இல் எலியட் ராஸ், மார்செல் மெசுலம் என்ற இரண்டு அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி எழுதினார்கள். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கியதில் அவர் குரலிலிருந்து உணர்ச்சி அடியோடு போய்விட்டது. சொல் தெளிவாக வரும், தொனி வராது. வகுப்பில் அதட்டினால் பிள்ளைகள் அடங்கவில்லை, வீட்டிலும் அதே கதை. கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். திட்டும்போது கூடவே, தனக்குக் கோபம் வந்திருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று வாய்விட்டே சேர்த்துச் சொல்லிவிடுவார். வலப்பக்க மூளையில் வேறு சில இடங்களில் அடிபட்டவர்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கும். தாம் தொனியோடு பேசுவார்கள், அடுத்தவர் தொனி புரியாது. ராஸ் 1981இல் இவற்றை ஒன்றாக வகைப்படுத்தினார்.

மனச்சோர்வில் அப்படி எதுவும் அறுந்துபோவதில்லை. தலையின் இருபுறமும், காதை ஒட்டிய பொட்டுப் பக்க மூளையில், மனிதக் குரலுக்கென்றே கூடுதலாக விழித்துக்கொள்ளும் பகுதிகள் இருப்பதைப் பாஸ்கல் பெலினின் குழு 2000இல் ஸ்கேன் வழியாகக் காட்டியது. மனச்சோர்வு உள்ளவருக்கும் அவை வேலை செய்கின்றன. கேட்ட குரலை எடைபோடும் தராசுதான் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

இதை எப்படிச் சோதிப்பார்கள்? சொல்லின் பொருள் குறுக்கே வரக் கூடாது என்பதுதான் முதல் கவலை. "என் நாய் செத்துப்போச்சு" என்றால் எந்தக் குரலில் சொன்னாலும் சோகம் என்றுதானே சொல்வோம்? அதனால் எந்த மொழியிலும் இல்லாத போலிச் சொற்களை நடிகர்களிடம் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். இல்லையென்றால் உண்மையான பேச்சையே வடிகட்டி, மேல் அலைகளை நீக்கிவிடுவார்கள். சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது மாதிரி "ம்ம்ம்" என்று கேட்கும். ராகம் இருக்கும், சொல் இருக்காது.

ஜூலி பெரோனும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு போலிச் சொல் வகை. மனச்சோர்வு நோயாளிகள் 21 பேர், நோயில்லாதவர்கள் 21 பேர். "எந்த உணர்ச்சி, ஒன்றைத் தேர்ந்தெடு" என்று கேட்டால் நுணுக்கம் தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு குரலிலும் எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு பயம், எவ்வளவு கோபம் என்று தனித்தனிக் கோடுகளில் குறிக்கச் சொன்னார்கள். நோயாளிகள் மகிழ்ச்சி, பயம், சோகம் மூன்றையும் மற்றவர்கள் அளவுக்குச் சரியாகப் பிடிக்கவில்லை. அதைவிடச் சுவாரசியமானது அவர்கள் தவறிய விதம். மகிழ்ச்சியான குரலைக் கேட்டபோது அதில் பயமும் சோகமும் கலந்திருப்பதாகக் கூடுதலாகக் குறித்தார்கள். கோபக் குரலில் பயத்தைக் கூடுதலாகக் கேட்டார்கள். நோய் எவ்வளவு கடுமையோ, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ, அதோடு இந்தத் தடுமாற்றம் சேர்ந்தே போனது.

மகிழ்ச்சிக் குரலுக்குள் சோகம் கேட்பது என்றால் என்ன? "டேய், உன்னைப் பார்த்தது ரொம்ப சந்தோஷம்டா" என்று நண்பன் சொல்கிறான். இவன் காதில் அது "பாவம், இவனைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறான்" என்று விழுகிறது. பாராட்டு பரிதாபமாக மாறிவிடுகிறது. மனச்சோர்வில் இருந்த நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னது: "திட்டினால்கூடத் தேவலை. அன்பாகப் பேசினால்தான் சந்தேகமாக இருக்கும்." அவர் சொன்னபோது எனக்கு இது புரியவில்லை. பெரோனின் முடிவுகளைப் படித்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது.

முகங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் குரல் ஆய்வுகளைவிட மிக அதிகம். அவற்றையெல்லாம் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2015இல் வந்தது. மனச்சோர்வில் உணர்ச்சிகளை இனம்காணும் திறன் கொஞ்சம் குறைகிறது, சோகத்தை இனம்காண்பது மட்டும் குறையவில்லை என்பது அதன் முடிவு. எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைச் சோகமாகப் பார்ப்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அக்காவின் "சரி, படு" குரல் வடிவில் அப்படிப்பட்ட ஒரு முகம்தான்.

அந்த "கொஞ்சம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இவையெல்லாம் சராசரிகள், வித்தியாசமும் சிறியது. குரல் ஆய்வுகளில் பலவற்றில் ஆள் எண்ணிக்கை இருபது, முப்பதுதான். மனச்சோர்வு உள்ள பலர் தொனியைப் பிசகாமல் பிடிக்கிறார்கள். இலேசான சோர்வு சிலரைக் கூர்மையாக்குகிறது என்றுகூட ஒரு முடிவு உண்டு. கேட் ஹார்க்னஸ் கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், நோய் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தவர்கள், கண்களின் படத்தை மட்டும் பார்த்து அடுத்தவர் மனநிலையைச் சொல்வதில் மற்றவர்களை முந்தினார்கள். உறவில் ஏதோ சரியில்லை என்று நினைப்பவர் எதிராளியை உன்னிப்பாகக் கவனிப்பார், சரிதானே? ஆகவே வீட்டில் ஒருவர் "நீ ஏன் இப்படிப் பேசுற?" என்று கேட்டால், உடனே "உனக்கு டிப்ரஷன், அதான் அப்படித் தோணுது" என்று வாயடைக்க இந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் உண்மையிலேயே எரிந்து விழுந்திருக்கலாம்.

ஏன் இப்படி?

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் முன்வைத்த விளக்கம்தான் இன்றும் அதிகம் பேசப்படுவது. "நான் எதற்கும் லாயக்கில்லை, யாருக்கும் என்னைப் பிடிக்காது" என்ற அச்சு ஒன்று மனதில் ஆழப் பதிந்திருக்கிறது. வரும் செய்தி அந்த அச்சில் வார்க்கப்பட்டுத்தான் உள்ளே போகிறது. தெளிவான செய்தியை அச்சு அதிகம் வளைக்க முடியாது. இரண்டுங்கெட்டானாக இருப்பதை இஷ்டப்படி வளைக்கலாம். குரல் பெரும்பாலும் இரண்டுங்கெட்டான் செய்தி.

ஜோனதன் ராட்டன்பெர்க் போன்றவர்கள் வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். மனச்சோர்வில் கெட்டது பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட எல்லாமே மங்குகிறது என்பதுதான் பொருத்தம் என்பது அவர்கள் கட்சி. நல்லதற்கும் துள்ளல் இல்லை, கெட்டதற்கும் பதற்றம் இல்லை. சாம்பல் பூத்த கங்கு மாதிரி. பெரோனின் நோயாளிகள் சோகக் குரலைக்கூடச் சரியாகப் பிடிக்காமல் போனதற்கு இந்த விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெக் சொல்வது மட்டுமே உண்மை என்றால் சோகத்தையாவது அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பிடித்திருக்க வேண்டாமா? ஒரே ஆளிடம் இரண்டுமே நடக்கலாம் என்பது என் எண்ணம். கேட்கும் கணத்தில் மங்கல், பிறகு தனிமையில் உட்கார்ந்து அதையே அசைபோடும்போது கறுப்பு.

அசைபோடுவதற்கு ஒரு சின்ன ஆதாரமும் இருக்கிறது. கிரெக் சீகலின் குழு 2002இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், மனதைப் புண்படுத்தும் சொற்களைத் திரையில் காட்டினார்கள். காதால் கேட்டது இல்லை, கண்ணால் படித்தது. உணர்ச்சி எச்சரிக்கை மணி போல வேலை செய்யும் அமிக்டலா என்ற பகுதி எல்லோருக்கும் கிளர்ந்தது. நோயில்லாதவர்களுக்குச் சுமார் 10 நொடியில் அடங்கிவிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, வேறு வேலைக்குப் போன பிறகும், 25 நொடி கழித்தும் அடங்கவில்லை. மிகச் சிறிய ஆய்வு, நோயாளிகள் பத்துப் பேருக்கும் குறைவு. இருந்தாலும் தம்பியின் அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மனதில் நிற்கிறது.

இன்னொரு காரணம் வெறும் களைப்பு. சொல்லைக் கேட்டு, தொனியைக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பதிலும் யோசிப்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய வேலை. கிண்டலைப் புரிந்துகொள்ள இது அத்தனையும் வேண்டும். "ஆமா, நீதான் பெரிய அறிவாளி" என்பதன் குறும்பு தொனியில் இருக்கிறது. தூக்கமில்லாத, தெம்பில்லாத மூளை சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தொனியை விட்டுவிடும். அல்லது தொனியின் கூர்முனையை மட்டும் பிடித்துக்கொள்ளும். அப்புறம், வயதானவர்களுக்கு மனச்சோர்வு இல்லாமலே தொனி பிடிபடுவது குறையும். காது மந்தமானால் இன்னும் மோசம். தாத்தா எல்லோரும் தன்னைத் திட்டுவதாக நினைக்கிறார் என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். பேரன் காது கேட்பதற்காகக் கத்துகிறான், அது திட்டாக விழுகிறது.

பேசுபவர் குரலும் மாறுகிறது

இதுவரை கேட்பதைப் பற்றியே பேசினேன். மனச்சோர்வு வந்தவர் பேசும் குரலும் மாறும். ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கூர்ந்து எழுதியிருக்கிறார். தாழ்ந்த குரல், மெதுவான, தயங்கித் தயங்கி வரும், ஒரே சுருதியிலான பேச்சு. சில நேரம் வாக்கியத்தின் நடுவிலேயே பேச்சு நின்றுபோகும். அந்தக் குரலை மறுமுனையில் கேட்பவருக்கு என்ன ஆகும்?

ஜேம்ஸ் காயின் 1976இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் கேட்டது, அதுவும் டெலிபோனில். கல்லூரி மாணவிகள் 45 பேர், ஆளுக்கு ஒருவரோடு சுமார் 20 நிமிடம் பேசினார்கள். மறுமுனையில் சிலருக்கு மனச்சோர்வு நோயாளி, சிலருக்கு வேறு மனநலச் சிகிச்சையில் இருப்பவர், சிலருக்கு எந்த நோயும் இல்லாதவர். மனச்சோர்வு உள்ளவரோடு பேசியவர்களுக்குத் தங்கள் மனமும் இறங்கிவிட்டது, எரிச்சல் வந்தது, மறுபடி அவரோடு பேசும் ஆசையும் குறைந்தது. முகம் பார்க்கவில்லை, முன்பின் பழக்கமில்லை, இருபதே நிமிடம். பின்னால் வந்த ஆய்வுகளில் மனம் இறங்குவது எல்லா நேரமும் வரவில்லை. விலகிப்போகும் போக்குதான் உறுதியாக வந்தது.

இப்போது இரண்டையும் பொருத்திப் பாருங்கள். தம்பியின் குரல் தட்டையாக வருகிறது. கேட்கும் அக்காவின் குரலிலிருந்தும் அவளையறியாமல் குழைவு குறைகிறது. குறைந்ததை அவன் பிடித்துக்கொள்கிறான், பிடித்ததைப் பெரிதாக்கிக்கொள்கிறான். "அக்கா, என்மேல கோபமா?" என்று கேட்கிறான். "இல்லடா" என்கிறாள். அந்த "இல்லடா" போதவில்லை, மறுபடி கேட்கிறான். நான்காவது முறை அவளுக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. "நான் அப்பவே நினைச்சேன்" என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். காயினின் கருத்தை வளர்த்த தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர், ஆறுதலை மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கும் இந்தச் சுழலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். முதலில் தவறாகக் கேட்டது, சுற்றிவந்து உண்மையாகிவிடுகிறது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது வேறு வடிவம் எடுக்கிறது. "என் தங்கம், யாரு கண்ணு நீ, யாரு செல்லம்" என்று சுருதியை மேலே தூக்கி, இழுத்து, வளைத்துப் பேசும் கொஞ்சுமொழிதான் குழந்தையைக் கவனிக்க வைக்கிறது. மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு அந்த வளைவு வருவதில்லை. பீட்டர் கேப்லனின் குழு அமெரிக்காவில் நான்கு மாதக் குழந்தைகளிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சும் குரல் ஒன்றைக் கேட்கவைத்து அதன் பிறகு சிரிக்கும் முகம் ஒன்றைக் காட்டினார்கள். குரல் வந்தால் முகம் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. சோர்விலிருந்த தாய்மாரின் குழந்தைகள் சொந்தத் தாயின் குரலை வைத்து அதைக் கற்கவில்லை. சோர்வில்லாத, அறிமுகமில்லாத வேறொரு தாயின் குரலைப் போட்டதும் கற்றுக்கொண்டார்கள். குழந்தைகளின் திறனில் குறையே இல்லை. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. பாட்டி, சித்தி, அப்பா என்று கொஞ்சிப் பேச நாலு பேர் இருந்தால் குழந்தைக்கு அது உதவும் என்பதுதான் எனக்குப் பட்டது. அம்மாவுக்குச் சிகிச்சை வேண்டும், அது தனி.

சிகிச்சை என்றதும் ஒன்று. தமிழிலும் பேசும் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் 1926. இரண்டும் மனநலத்துக்கென்றே உள்ள எண்கள்.

மருந்து இந்தத் தராசை நேராக்குமா? ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் குழு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒரு மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்து, முகங்களைக் காட்டினார்கள். மகிழ்ச்சியான முகத்தை இனம்காண்பதில் இருந்த குறை அந்த ஒரு வேளையிலேயே சரியாகத் தொடங்கியது. மனநிலை மாறியதா என்று கேட்டால், இல்லை. இதிலிருந்து அவர்கள் சொல்லும் கருத்து: மருந்து முதலில் உலகத்தை எடைபோடும் விதத்தைத் திருத்துகிறது. திருந்திய கண்ணோடு அன்றாடம் நாலு பேரைப் பார்த்து, நாலு நல்ல சொல் அப்படியே உள்ளே போய், மெல்ல மெல்ல மனம் எழுகிறது. மாத்திரை போட்டும் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் அல்லவா, அந்த வாரங்களில் நடப்பது இதுவாக இருக்கலாம். அளந்தது முகம், குரல் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெக் வழியில் வரும் பேச்சு சிகிச்சை தராசை வெளியிலிருந்து பிடிக்கிறது. "அக்கா கோபமாக இருந்தாள்" என்று வருகிறவரிடம், "இல்லை, உன் பிரமை" என்று சிகிச்சையாளர் சொல்ல மாட்டார். அந்தச் "சரி"க்கு வேறு என்னென்ன அர்த்தம் இருக்கக்கூடும் என்று கேட்பார். தூக்கம் வந்திருக்கலாம். பக்கத்தில் மாமியார் இருந்திருக்கலாம். அடுப்பில் ஏதாவது இருந்திருக்கலாம். முதல் அர்த்தத்தை அழிக்க வேண்டியதில்லை, பட்டியலில் அதுவும் இருக்கட்டும். அது ஒன்றுதான் இருக்கிறது என்ற நிலை மாறினால் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்று கேட்டால், எனக்கு அந்த ஆசிரியைதான் நினைவுக்கு வருகிறார். தொனியில் அனுப்ப முடியாததை அவர் சொல்லில் அனுப்பினார். நம் வீடுகளில் அன்பைச் சொல்லில் போடும் பழக்கம் குறைவு. "சாப்பிட்டியா" என்பதற்குள் எல்லாவற்றையும் வைத்து அனுப்புகிறோம், பிரிப்பது கேட்பவர் பாடு. மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் தெம்பு சில நாள் இருக்காது. அன்றைக்குக் குரலைத் தேனாக்கவோ சிரிப்பை வரவழைக்கவோ சிரமப்பட வேண்டாம். சிரித்த குரலில்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம் என்று பார்த்தோம். இரண்டு சொல் கூடச் சேர்த்தால் போதும்.

"சரிடா, அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிடும். கோபம்லாம் இல்ல. காலையில ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்."

ஏழு மணிக்குக் கூப்பிடவும் வேண்டும்.